தேதி இல்லாதவர்களுக்கு

என் அம்மாவின் அப்பாவுக்குத் திதி கிடையாது. எந்த மாதம் செத்தார், எந்த ஊரில், எதனால் என்று சொல்ல ஆளில்லை. 1943-இல் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். போனவரைப் பற்றி அப்புறம் நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. பாட்டி கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தீபாவளிக்கு முதல்நாள் படையலில் தாத்தாவுக்கும் ஓர் இலை விழும்: கோழிக் குழம்பு, வறுத்த கருவாடு, ஒரு மங்கு கள்ளு. “செத்துப்போயிட்டார்னு முடிவு பண்ணிட்டியா?” என்று பக்கத்து லயத்துக் கிழவி கேட்டால், “வந்தா அவர் சாப்பிடட்டும், வராட்டி காக்கா சாப்பிடட்டும்” என்பார்.

பாட்டிக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து ஆட்கள் பாஷையில் மிஸ்ஸி. சாவு எனக்குப் பழகிய விஷயம். உடம்பு எப்படி அடங்கும், கண்ணை யார் மூடிவிடுவது, எந்தப் பாரத்தில் யார் கையெழுத்துப் போடுவது எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு நாம் செய்கிற எதுவும் அந்த ஆளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் தெரியாது. அதைப் பற்றி நிதானமாகப் பேச ஓர் இடம் கிடைத்தது ஒரு பௌத்தக் கோயிலில் என்பதை என் தம்பி இன்றுவரை எனக்கு மன்னிக்கவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் மகா விகாரை அது. ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸ்களிலும் வேலைக்கு வந்த சிங்களவர்கள் 1894-இல் சங்கம் கூட்டி ஏற்படுத்தியது. இப்போது அங்கே சிங்களவர்களைவிடச் சீனர்கள்தான் அதிகம். 1952-இல் இலங்கையிலிருந்து வந்து 2006-இல் காலமாகும்வரை தலைமைப் பிக்குவாக இருந்த கே. ஸ்ரீ தம்மானந்தா இங்கிலீஷில் போதித்து, எழுதி, இந்த நாட்டுச் சீனர்களைப் புத்தகமும் கையுமாக உள்ளே கொண்டுவந்தார். வெசாக் அன்று தெரு முழுக்கக் கூட்டம் நிற்கும். சைவச் சாப்பாட்டு வரிசையில் பாதிப் பேர் நம்மவர்களாக இருப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் உள்ளே போனது என்னோடு வார்டில் வேலை பார்த்த சிங்களத் தோழியால். அவள் அப்பாவின் வருஷ தானத்துக்குக் கூப்பிட்டாள். பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, சிரம்பானிலிருந்து கொம்யூட்டர் ரயில் ஏறிப் போனேன். லாபு, நீலாய், பத்தாங் பெனார் என்று வழி நெடுகப் பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது வீடும் செம்பனையும்.

தானத்தில் ஒரு முறை இருக்கிறது. பிக்குகள் நண்பகலுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். யாராவது கையால் எடுத்துக் கொடுக்காத எதையும் அவர்கள் தொடமாட்டார்கள். மேசை நிறையச் சாப்பாடு இருந்தாலும், ஒருவர் அந்தத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவர்கள் முன் நீட்ட வேண்டும். உப்புக்கிண்ணத்தைக்கூட. அன்று என் கத்தரிக்காயை என்னையே கொடுக்கச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த இளம் பிக்கு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, சிரிக்கவில்லை. முதலில் எனக்குச் சுருக்கென்றது. மிஸ்ஸியாக முப்பது சொச்ச வருஷம் மருந்தும் கஞ்சியும் நீட்டியவளுக்கு, வாங்குகிறவன் முகம் பார்க்கிற பழக்கம் உண்டு.

சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் வார்க்கிறார்கள். ஒரு தட்டு, அதன் நடுவில் ஒரு கிண்ணம், கையில் ஒரு செம்பு. குடும்பம் மொத்தமும் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். கை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவர் தோளைத் தொட்டுக்கொள்வார்கள். பிக்குகள் பாலியில் ஓத ஓத, தண்ணீரை மெல்லச் சாய்க்க வேண்டும். கிண்ணம் நிரம்பி, வழிந்து, தட்டில் பரவும்வரை நிறுத்தக் கூடாது. செய்த தானத்தின் புண்ணியம் செத்துப்போன உறவினருக்கு ஆகட்டும் என்பது அதன் பொருள். கடைசியில் அந்தத் தண்ணீரை எடுத்துப் போய் ஒரு மரத்தடியில் ஊற்றிவிடுகிறார்கள். செத்தவர்கள் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வாசிக்கிறார்கள். தோழி என்னையும் எழுதச் சொன்னாள். தாத்தாவின் பெயரை எழுதிவிட்டு, தேதிக்கு என்ன போடுவது என்று கேட்டேன். “போடாட்டி என்ன?” என்றாள்.

நம் சடங்கில் தேதிதான் முகவரி. தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று ஒன்று இருப்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். தோட்டத்தில் அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. எங்களுக்கு மாரியம்மன் உண்டு, எல்லையில் முனீஸ்வரன் உண்டு, வருஷத்துக்கு ஒரு திருவிழா உண்டு. முனீஸ்வரனிடம் கணக்கு சுத்தமாக இருக்கும்: நீ இதைச் செய், நான் சேவல் அறுக்கிறேன், சுருட்டும் சாராயமும் வைக்கிறேன். அவர் கேட்பார், செய்வார், கோபப்படுவார். செத்தவர்களும் அப்படித்தான், படையல் போடாவிட்டால் கனவில் வந்து கேட்பார்கள். விகாரையிலோ வாங்குகிறவரே இல்லை. புத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், பூவை வாங்கமாட்டார் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பூ எதற்கு? இதைக் கேட்ட முதல் ஆள் நான் இல்லை. மிலிந்தன் என்ற கிரேக்க ராஜா நாகசேனரிடம் இதையே கேட்டதாக ‘மிலிந்த பஞ்ஹா’வில் வருகிறது. ஏற்றுக்கொள்ள ஆளில்லாத காணிக்கை வீண்தானே என்கிறான் ராஜா. வாங்க ஆளில்லாவிட்டாலும் கொடுப்பது வேலை செய்யும் என்று நாகசேனர் உதாரணம் மேல் உதாரணமாக அடுக்குகிறார். உதாரணங்கள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கேள்வி ஒட்டியது.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அவரவர் வினைக்கு அவரவர்தான் சொந்தக்காரர் என்பது புத்தர் திரும்பத் திரும்பச் சொன்னது. அப்படியிருக்க, நான் சமைத்த கத்தரிக்காயின் புண்ணியத்தை என் தாத்தா பேருக்கு எழுதிவைப்பது எப்படி? புண்ணியத்தை மாற்றி எழுதலாம் என்றால் பாவத்தையும் எழுதலாமே. கொஞ்சம் தமிழ் பேசும் வயதான பிக்கு ஒருவரிடம் கேட்டேன். அவர் அங்குத்தர நிகாயத்தில் வரும் ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணரின் கதையைச் சொன்னார்.

அந்தப் பிராமணர் நம்மைப் போல முன்னோருக்குப் படையல் போடுகிறவர். இது அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று நேராகவே புத்தரிடம் கேட்கிறார். கிடைக்கிற இடத்தில் இருந்தால் கிடைக்கும் என்கிறார் புத்தர். நரகத்தில் பிறந்தவனுக்கு அங்குள்ள உணவு, விலங்காகப் பிறந்ததற்கு அதன் உணவு, மனிதனுக்கும் தேவருக்கும் அவரவர் உணவு. நாம் கொடுப்பது அவர்களுக்குப் போகாது. பசியோடு அலையும் பிரேதப் பிறவியில் இருப்பவருக்குத்தான் போகும். பிராமணர் விடவில்லை. நான் நினைத்துக் கொடுத்த ஆள் அங்கே இல்லாவிட்டால்? உன் உறவினர் வேறு யாராவது அங்கே இருப்பார், அவருக்குப் போகும். அவரும் இல்லாவிட்டால்? அதற்குப் புத்தர் சொன்ன பதில்தான் என்னைக் கொம்யூட்டரில் வீடு திரும்பும்வரை பேசவிடாமல் செய்தது: எத்தனை காலமாகப் பிறந்து இறந்து வருகிறோம், அந்த இடம் உனக்கு ஓர் உறவினர்கூட இல்லாமல் காலியாக இருக்க வழியே இல்லை. கொடுத்தவனுக்கும் பலன் இல்லாமல் போகாது.

வினைக் கணக்கு என்ன ஆயிற்று என்றேன். மாற்றி எழுதுவது ஒன்றும் இல்லை அம்மா என்றார் பிக்கு. நீங்கள் செய்த நல்லதைக் கண்டு செத்தவர் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சி அவர் செய்த நல்வினை. நீங்கள் அவருக்கு ஒரு சந்தர்ப்பத்தை உண்டாக்குகிறீர்கள், அவ்வளவுதான். அனுமோதனை என்று அதற்குப் பெயர்; பக்கத்தில் நின்று ஒருவர் சாது சாது என்று சொன்னாலும் அதுவேதான். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்குக்கு எண்ணெய் குறைவதில்லை என்பது அங்கே எல்லாரும் சொல்வது.

பதில் நேர்த்தியாக இருந்தது. நேர்த்தியான பதில் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்து மகிழ்வது உயிரோடு இருப்பவர்களுக்கே வராத குணம். சயாமில் செத்தவனுக்கு அது எப்படி வரும்? என் தாத்தா எதைக் கண்டு மகிழ வேண்டும், பேத்தி கோலாலம்பூரில் காவி உடுத்தியவர்களுக்குப் பருப்பு போடுவதையா? அவர் பசிக்கு அது என்ன பதில்? இதற்குப் பிக்கு பதில் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தம்பியின் கோபத்துக்கு வருகிறேன். “2009-க்கு அப்புறமும் அந்தக் காவியைக் கும்பிடறியாக்கா?” என்பது அவன் கேள்வி. முள்ளிவாய்க்கால் நடந்தபோது எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைக்காமல் அழுதோம். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததையும், போர் வேண்டும் என்று சீவரத்தோடு மேடை ஏறியவர்களையும் அவன் வரிசையாகச் சொல்வான். அதில் ஒன்றைக்கூட நான் மறுக்கமாட்டேன். முதல் சீலமே உயிரைக் கொல்லாமை. அதை ஓதிக்கொண்டே ராணுவத்தை ஆசீர்வதித்தவர்களுக்கு எந்தச் சூத்திரத்திலும் இடம் இல்லை. ஆனால் பௌத்தத்தைச் சிங்களவன் சொத்து என்று தம்பி எழுதிக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியது நாகப்பட்டினத்தில். அதே ஊரில்தான் கடாரத்து அரசன், நம் கெடா பக்கத்து ராஜா, தன் தகப்பன் பெயரில் சூடாமணி விகாரையைக் கட்டினான். 1006 வாக்கில் ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். அங்கே மிச்சமிருந்த பழைய கோபுரத்தை 1867-இல்தான் இடித்தார்கள். 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது, தோட்டத்துக்கு ஆள் பிடிபட்டு வந்த அதே சனங்களுக்காகத்தான். தம்பிக்கு இதெல்லாம் சரித்திரம். எனக்கும் சரித்திரம்தான். நான் மதம் மாறவில்லை. வீட்டில் மாரியம்மன் படம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

‘மணிமேகலை’யைப் பள்ளிக்கூடத்தில் அமுதசுரபி கதையாக மட்டும் படித்தோம். முழுதாகப் பிறகு படித்தபோது ஆபுத்திரன் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு, அள்ளக் குறையாத பாத்திரத்தோடு கப்பல் ஏறுகிறான். புயலுக்கு ஒதுங்கி மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கிறது. இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. கையில் ஊருக்கே சோறு போடும் பாத்திரம், எதிரே வாங்கிச் சாப்பிட ஒரு ஆள் இல்லை. தான் ஒருவன் சாப்பிட அது எதற்கு என்று பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் செத்துப்போகிறான். அடுத்த பிறவியில் அந்தச் சாவகத்துக்கே ராஜா ஆகிறான். மணிமேகலை சொல்லி மணிபல்லவம் வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே பார்க்கிறான். அவனைத் தேடித் திரும்பி வந்து, செத்ததறிந்து தாங்களும் உயிர்விட்ட செட்டிகளின் எலும்பும் அங்கே கிடக்கிறது. கடல் தாண்டிப் போய்ச் செத்தவனின் எலும்பு, அதைத் தேடி வருகிற ஆள், சோறு போடுவதே தர்மம் என்கிற பேச்சு: மலாயாவில் பிறந்தவள் இதைப் படித்துவிட்டு எங்கே போவாள்?

தாத்தாவின் எலும்பு எங்கே என்று தோண்டுவதற்கு 415 கிலோமீட்டர் இருக்கிறது. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்வரை போட்ட அந்தப் பாதையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். அந்த வருஷ மழைக் காலத்தில் காலரா முகாம் முகாமாக விழுந்தது. காஞ்சனபுரி நகரத்துப் போர்க் கல்லறையில் 6,982 பேர் படுத்திருக்கிறார்கள்; பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். புல் வெட்டி, செடி வைத்து, கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. நேசநாட்டுக் கைதிகளில் செத்தவர் 12 ஆயிரத்துக்கு மேல் என்றால், ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90 ஆயிரம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவர்களில் நம் தோட்டத்து ஆட்கள் எத்தனை ஆயிரம் பேருக்கோ கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. ஆஸ்பத்திரி அட்டையில் ‘நெருங்கிய உறவினர்’ என்ற கட்டம் காலியாக வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். இங்கே அட்டையே இல்லை.

அந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு பௌத்தக் கோயில். வாட் தாவோர்ன் வராராம், வியட்நாமியர் மரபில் வந்த மகாயானக் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களைச் சேர்த்து வைத்த இடம் அது. 2023-இல் அங்கேதான் தமிழர்களுக்கு ஒரு நடுகல் நட்டார்கள். உறவுக்காரப் பையன் கைப்பேசியில் படம் காட்டினான். முருகனோ மாரியோ குடியிருக்கும் ஊரில் பிறந்து, குலசாமிக்கு முடி இறக்கி வளர்ந்தவர்களுக்கு, எந்த மதமென்று கேட்காமல் யாரோ அங்கே ஊதுவத்தி கொளுத்தியிருக்கிறார்கள். காலியாக இருக்க வழியில்லாத இடம் என்று புத்தர் சொன்னதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓரளவு பிடித்துக்கொண்டேன். சயாமுக்குப் போனவர்களில் கல்யாணம் ஆகாத பையன்கள் நிறைய. அவர்களுக்குப் பேத்தி கிடையாது. யாருடைய உறவினர் என்று பார்க்காமல் வார்த்தால்தான் அந்தத் தண்ணீர் அவர்கள் பக்கம் போகும்.

அதிலிருந்து விகாரைக்குத் தரும் பெயர்த் தாள் நீண்டுவிட்டது. தாத்தாவோடு லாரி ஏறியவர்களின் பெயர்களைப் பெரியம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அம்மாவுக்கு அக்கா, எண்பத்தேழு வயது. தகப்பன் போனபோது ஆறு வயது. முழுப்பெயர் பாதிப் பேருக்கு இல்லை. சின்னான், கறுப்பாயி மவன், மூணாம் லயத்துத் தெலுங்கன், ஒத்தக்காது. ஒத்தக்காது என்று எழுதினால் பிக்கு எப்படி வாசிப்பார் என்றேன். “அப்படித்தான் கூப்பிடுவாங்க, அப்படிக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாப்பான்” என்றார் பெரியம்மா. பிக்குவும் அப்படியே வாசித்தார். சிங்கள வாயில் அந்தப் பெயர் சிக்கித் தடுமாறியது, யாரும் சிரிக்கவில்லை.

தீபாவளிப் படையலை நான் நிறுத்தவில்லை. கோழி உண்டு. கள்ளுக்கடை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் ஒரு சின்ன பாட்டில் ஸ்டவுட் வைக்கிறேன். முதல் சீலமும் ஐந்தாம் சீலமும் அன்று என் வீட்டில் ஓரமாக நிற்கும். தாத்தா கருவாட்டுக்கு உயிரை விடுவார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். பேர் தெரிந்தவனுக்குப் பிடித்ததை வைப்பதும், பேர் தெரியாதவனுக்குத் தண்ணீர் வார்ப்பதும் இரண்டு வேலை. ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்காது என்பது என் எண்ணம். பிக்குவிடம் இதைச் சொல்லிவிட்டேன். கோழியைப் பற்றி மட்டும், “அதற்கும் ஓர் உறவினர் இருக்கும் அம்மா” என்றார்.

இப்போது புதுத் தகராறு. போன மாதம் தாளில் கங்காணியின் பெயரையும் எழுதினேன். ஜப்பான்காரன் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது, யார் யார் என்று பெயர் கொடுத்தவர் அவர். தன் ஆட்களை விட்டுவிட்டு எதிர்த்துப் பேசுகிறவர்களைக் கொடுத்தார் என்பது தோட்டத்துப் பேச்சு. சண்டை முடிந்து சில வருஷத்தில் அவரும் செத்தார். பிள்ளைகள் 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த நாட்டில் அவருக்கு இலை போட யாரும் இல்லை. யாரையும் விட்டுவிடாமல் வார்ப்பது என்றால் அவரை எப்படி விடுவது என்று எனக்குத் தோன்றியது.

பெரியம்மா தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெயர் வந்ததும் கையை உயர்த்தினார்.

“அவன் பேரை எழுதினா நான் செம்பைத் தொடமாட்டேன்.”

பிக்கு சொன்னதையெல்லாம் சொன்னேன். எத்தனையோ பிறவியில் அவனும் நமக்குத் தகப்பனாக, பிள்ளையாக இருந்திருப்பான் என்றேன். கேட்டுக்கொண்டார். “இருந்திருப்பான். இல்லேன்னு யார் சொன்னா?” என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“அழிக்காத. அவனுக்குத் தனியா ஒரு நாள் வச்சுக்க. எங்கப்பனோட சேத்து வேணாம்.”

விகாரை ஆபீஸில் தானத்துக்கு நாள் குறித்துவைக்கும் காலண்டரில் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.